சிக்னலுக்கு முன்னால் மட்டும் பதிந்த தடம்: ஒரு தார்ச்சாலைப் பள்ளத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சரக்குக் கிடங்குகள் நிறைந்த ஒரு பகுதியை நெடுஞ்சாலையுடன் இணைக்கும் நான்கு வழிச் சாலை அது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பின், 80 மி.மீ. தடிமனில் இடையடுக்கும் அதன்மேல் 50 மி.மீ. தடிமனில் மேலடுக்குமாகப் புதிய தார்க்கலவை போடப்பட்டிருந்தது. பணி முடிந்து முதல் கோடை கழிவதற்குள், சாலையின் நடுவிலுள்ள சிக்னலை நோக்கி வரும் வெளித்தடத்தில், சக்கரங்கள் ஓடும் இரண்டு கோடுகளிலும் நீளவாக்கில் பள்ளம் விழுந்தது. மழை பெய்த முதல் நாளிலேயே அதில் நீர் தேங்கி, இருசக்கர வாகனங்கள் வழுக்கத் தொடங்கியதால் விஷயம் அவசரமானது.

சாலை அலுவலகத்திலிருந்து எங்கள் ஆய்வகத்துக்கு வந்த கடிதம், பயன்படுத்தப்பட்ட பிட்டுமன் (கற்களைப் பிணைக்கும் தார் போன்ற கரும்பசை) தரக்குறைவானதா என்று சோதித்துத் தெரிவிக்கும்படி கேட்டிருந்தது. ஒரு கேள்விக்குள் பாதி விடை முன்கூட்டியே அடங்கியிருந்தால் ஆய்வு எந்தப் பக்கம் சாயும் என்பதை அப்போது நாங்கள் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. ஒப்பந்ததாரரின் கோப்பில் குறை சொல்ல ஏதுமில்லை. மார்ஷல் நிலைப்பு (மாதிரியை நசுக்கி அளக்கும் வலிமை), சல்லடைப் பகுப்பு (கற்களின் அளவு விகிதம்), பிட்டுமன் அளவு, களத்தில் எட்டிய இறுக்கம் ஆகிய அனைத்தும் வரம்புக்குள் இருந்தன.

களத்தில் முதலில் கண்டவை

மூன்று மீட்டர் நேர்கோலைக் குறுக்கே வைத்து அளந்தபோது, நிறுத்தக்கோட்டுக்குச் சற்றுப் பின்னால் பள்ளத்தின் ஆழம் 22 மி.மீ. இருந்தது. அங்கிருந்து பின்னோக்கிப் போகப் போக அது குறைந்து, ஏறத்தாழ 200 மீட்டர் தள்ளி 6 மி.மீ. ஆனது. அதற்கப்பால் வாகனங்கள் தடையின்றி ஓடும் பகுதி முழுவதும் அதே 6 மி.மீ. அளவே நீடித்தது. அதே லாரிகள், அதே கலவை, அதே வாரத்தில் போடப்பட்ட அடுக்குகள். ஆனால் பள்ளத்தின் ஆழமோ மூன்று மடங்குக்கும் மேல் வேறுபட்டது.

இரண்டாவதாகக் கவனித்தது பள்ளத்தின் வடிவம். சக்கரத்தடத்தின் இரு ஓரங்களிலும் கலவை பிதுங்கி, பழைய மட்டத்தைவிட 9 மி.மீ. வரை மேலெழுந்து நின்றது. தடப்பள்ளங்கள் எல்லாம் ஒரே வகையல்ல. அடித்தளமோ மண்ணோ அமிழ்ந்தால் பள்ளம் அகலமாகவும் சரிவு மென்மையாகவும் இருக்கும். ஓரத்தில் மேடு எழுவது அரிது. கலவை வாகனங்களின் கீழ் மேலும் இறுகினால் பள்ளம் விழும், மேடு எழாது. ஓரம் பிதுங்கியிருந்தால், கலவை தன் கன அளவை இழக்காமல் பக்கவாட்டில் வழிந்திருக்கிறது என்று பொருள். அதாவது, சறுக்குத் தகைவை, அதாவது பக்கவாட்டில் நழுவச் செய்யும் அழுத்தத்தை, தாங்க முடியாமல் அது நகர்ந்திருக்கிறது.

இதைச் சிறு கணக்கு ஒன்றும் உறுதிப்படுத்தியது. இரண்டு அடுக்குகளும் சேர்ந்த 130 மி.மீ. தடிமன் முழுவதிலும் காற்றிடம் (கலவைக்குள் காற்று நிற்கும் இடைவெளி) ஐந்து விழுக்காடு குறைந்துவிட்டதாகவே கொண்டாலும், அதனால் விழக்கூடிய பள்ளம் 6.5 மி.மீ. மட்டுமே. ஓட்டம் சீராக இருந்த பகுதியின் 6 மி.மீ. பள்ளத்தை இறுக்கத்தால் விளக்கிவிடலாம்; 22 மி.மீ. பள்ளத்தை விளக்க முடியாது.

அகழியும் கோர் துண்டுகளும்

எந்த அடுக்கு நகர்ந்தது என்பதைக் காண, தடத்தின் முழு அகலத்துக்கும் ஒரு குறுகிய அகழி வெட்டினோம். இது பழைய வழிதான். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த ஆஷோ (AASHO, அமெரிக்க மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கம்) சாலைச் சோதனையிலும் இப்படி அகழி வெட்டியே ஒவ்வோர் அடுக்கின் பங்கையும் பிரித்தறிந்தார்கள். எங்கள் அகழியில் ஜல்லி அடித்தளத்தின் மேற்கோடு நேராக இருந்தது. இடையடுக்கின் மேற்கோடு சக்கரத்தடத்தில் 3 மி.மீ. அளவே தாழ்ந்திருந்தது. மேலடுக்குத்தான் தடத்தின் கீழ் மெலிந்தும் ஓரத்தில் தடித்தும் இருந்தது.

பிறகு மேலடுக்கிலிருந்து கோர் துண்டுகள் (துளையிட்டு வெட்டியெடுக்கும் உருளைத் துண்டுகள்) எடுத்துக் காற்றிடத்தை அளந்தோம். சிக்னல் அருகே சக்கரத்தடத்தில் 1.4 விழுக்காடு, இரு தடங்களுக்கும் இடையே 3.1 விழுக்காடு, ஓட்டம் சீரான பகுதியின் சக்கரத்தடத்தில் 2.6 விழுக்காடு என்று வந்தது. கலவை வடிவமைப்பில் பொதுவாக 4 விழுக்காட்டைக் குறிவைப்பதற்குக் காரணம் உண்டு. வாகனங்கள் பல ஆண்டுகள் ஓடி இறுக்கிய பின்பும் பிட்டுமன் விரிவடையச் சிறிது இடம் மிஞ்சியிருக்க வேண்டும். காற்றிடம் இரண்டு, மூன்று விழுக்காட்டுக்குக் கீழே போனால், கற்கள் ஒன்றோடொன்று உராய்ந்து சுமை தாங்கும் நிலை தளர்ந்து, இடைவெளியை நிரப்பிய பிட்டுமனே சுமையைத் தாங்கத் தொடங்குகிறது. கோடை வெயிலில் அதனால் அது முடியாது. முதல் கோடையிலேயே 1.4 விழுக்காட்டை எட்டியிருக்கிறது என்றால், கலவை தொடக்கத்திலேயே மிக எளிதாக இறுகும் தன்மையோடு இருந்திருக்க வேண்டும்.

பிட்டுமன் மீது விழுந்த முதல் சந்தேகம்

கடிதம் கேட்ட கேள்விக்கு விடை சொல்லும் அவசரத்தில் இந்தத் தடயத்தை அப்படியே விட்டுவிட்டு, பிட்டுமனைப் பிரித்தெடுக்கத் தொடங்கினோம். கோர் துண்டுகளைக் கரைப்பானில் ஊறவைத்து, கல்லைப் பிரித்து, கரைசலிலிருந்து கரைப்பானை ஆவியாக்கி மீட்ட பிட்டுமனை, அதன் கெட்டித்தன்மையை அளக்கும் டைனமிக் ஷியர் ரியாமீட்டர் என்ற கருவியில் சோதித்தோம். வழங்குநரின் சான்றிதழில் இருந்த புதிய பிட்டுமனைவிட அது மென்மையாக இருந்தது. சாலை அலுவலகத்தின் பொறியாளரிடம் தொலைபேசியில் இதைச் சொன்னதும், எதிர்பார்த்த விடை கிடைத்த நிம்மதி அவர் குரலில் தெரிந்தது. அந்த நிம்மதி எங்களையும் தொற்றிக்கொண்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

உண்மையில் அந்த முடிவு எங்களைத் திடுக்கிட வைத்திருக்க வேண்டும். பிட்டுமன் ஆலையில் சூடேறும்போதும், சாலையில் வெயிலும் காற்றும் படும்போதும் முதுமையடைந்து கெட்டிப்படும். சுழலும் கண்ணாடிக் குப்பிகளில் 163 டிகிரி செல்சியஸில் 85 நிமிடம் சூடாக்கும் ஆய்வகச் சோதனை, ஆலையில் நேரும் இந்த முதுமையைச் செயற்கையாக உண்டாக்கிப் பார்ப்பதற்காகவே இருக்கிறது. ஒரு கோடை சாலையில் கிடந்த பிட்டுமன் புதியதைவிட மென்மையாக வருகிறது என்றால், லாரிப் பெட்டியில் ஒட்டாமல் இருக்கத் தெளிக்கும் டீசல் போன்ற ஏதோ ஒன்று அதில் கலந்திருக்க வேண்டும். அல்லது நம் கரைப்பான் முழுமையாக வெளியேறாமல் தங்கியிருக்க வேண்டும்.

முன்பே செய்திருக்க வேண்டிய ஒப்புச்சோதனையை அப்போதுதான் செய்தோம். தரம் தெரிந்த புதிய பிட்டுமனை அதே கரைப்பானில் கரைத்து, அதே கருவியில், அதே நேரம் வைத்து மீட்டுப் பார்த்தபோது, அதுவும் மென்மையாகவே வந்தது. வெற்றிடத்தில் ஆவியாக்கும் நேரத்தை நீட்டித்து, நைட்ரஜன் வாயுவைச் செலுத்தி மீண்டும் மீட்டபோது புதிய பிட்டுமன் தன் பழைய மதிப்புக்குத் திரும்பியது. கோர் துண்டுகளின் பிட்டுமனும் எதிர்பார்த்தபடி கெட்டிப்பட்டதாகவே வந்தது. 64 டிகிரியில், 3.2 கிலோபாஸ்கல் தகைவில், ஒரு வினாடி சுமை ஒன்பது வினாடி ஓய்வு எனப் பலமுறை ஏற்றி இறக்கும் சோதனையில், மீளா இசைவு, அதாவது சுமை நீங்கிய பின்னும் மீளாமல் தங்கும் உருமாற்றத்தின் அளவு (குறையக் குறைய நல்லது), ஒரு கிலோபாஸ்கலுக்கு 1.6 என வந்தது. இது 2.0 என்னும் வரம்புக்குள், கனரகப் போக்குவரத்துக்கான தரத்தில் அடங்கும். ஒப்பந்தம் கேட்டதும் அதே தரம்தான்.

வழங்குநரைக் குற்றம் சாட்டும் கடிதம் சாலை அலுவலகத்திலிருந்து புறப்பட இரண்டு நாட்களே இருந்தன. எங்கள் முதல் முடிவைத் திரும்பப் பெற்று எழுத்தில் தெரிவித்தோம். ஆய்வகத்தின் நம்பகத்தன்மைக்கு அது சேர்த்ததா குறைத்ததா என்பது வேறு விஷயம்.

வாய்பாடு தேறியது, சாலை தேறவில்லை

அடுத்து இரண்டு வகை மாதிரிகளை ஹாம்பர்க் சக்கரச் சோதனையில் வைத்தோம். இதில் 50 டிகிரி வெந்நீரில் மூழ்கிய மாதிரியின்மீது 705 நியூட்டன் சுமையுள்ள, 47 மி.மீ. அகலமான இரும்புச் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 52 முறை கடக்கும். 20,000 கடப்புகளுக்குள் பள்ளம் 12.5 மி.மீ. எட்டுகிறதா என்பதே கேள்வி. முதல் வகை, அனுமதிக்கப்பட்ட கலவை வாய்பாட்டின்படி, ஆலையின் கிடங்கிலிருந்து எடுத்த ஜல்லி, மணல், பிட்டுமன் ஆகியவற்றைக் கொண்டு நாங்களே ஆய்வகத்தில் கலந்து செய்தது. இரண்டாம் வகை, இரு சக்கரத்தடங்களுக்கும் இடையே, அதிகம் நசுங்காத பகுதியிலிருந்து எடுத்த கோர் துண்டுகள்.

நாங்கள் கலந்த மாதிரி 20,000 கடப்புகளில் 5 மி.மீ. அளவே அமிழ்ந்தது. கோர் துண்டுகளோ 7,000 கடப்புகளை எட்டுவதற்கு முன்பே 12.5 மி.மீ. தாண்டின. பள்ளம் வளர்ந்த வேகத்தில் இடையில் திடீர் முறிவு எதுவும் தென்படாததால், நீரினால் பிட்டுமன் கல்லைவிட்டு உரிந்ததாகவும் சொல்ல இடமில்லை. வாய்பாடு நல்லது, ஆனால் சாலையில் கிடப்பது அந்த வாய்பாடு அல்ல.

எனினும் கோர் துண்டுகளிலிருந்து பிரித்த கல்லைச் சலித்துப் பார்த்தபோது, சல்லடைக்கோடு வாய்பாட்டின் கோட்டோடு ஏறத்தாழப் பொருந்தியது. பிட்டுமன் அளவும் அனுமதித்த வேறுபாட்டுக்குள்ளேயே இருந்தது. கையில் உள்ள எண்கள் எல்லாம் ஒரே கலவை என்கின்றன, சக்கரம் மட்டும் இரண்டும் வேறு என்கிறது. இந்த இடத்தில் ஏறத்தாழ ஒரு வாரம் நின்றுபோனோம்.

தட்டில் பரப்பிய மணல்

முடிச்சை அவிழ்த்தவர் ஆய்வகத்தில் நெடுங்காலம் பணிபுரியும் மூத்த உதவியாளர். சலித்து முடித்த நுண்பகுதியைக் கழுவி உலர்த்தி எடை போடும்போது, அதை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்துவிட்டு, "சார், இது நொறுக்கின மணல் மாதிரி கீறலையே, வழுக்குதே" என்றார். வெள்ளைத் தட்டில் பரப்பி உருப்பெருக்கியில் பார்த்தோம். பாறையை நொறுக்கிப் பெற்ற கரிய, முனை கூரான துகள்களுக்கிடையே, வெளிறிய, உருண்டு தேய்ந்த ஆற்றுமணல் துகள்கள் நிறைந்திருந்தன. வாய்பாட்டில் ஆற்றுமணலின் பங்கு மொத்தக் கல்லில் 10 விழுக்காடு. 0.6 மி.மீ. முதல் 1.18 மி.மீ. வரையிலான பகுதியில் துகள்களை எண்ணி மதிப்பிட்டபோது, அது இருமடங்குக்கும் அதிகம் என்று தோன்றியது.

கண்ணால் எண்ணியதை மட்டும் நம்பாமல், நுண்கல்லின் கூர்மைச் சோதனையையும் செய்தோம். குறித்த சல்லடைப் பகுப்பில் எடுத்த மணலைப் புனல் வழியே 100 மில்லிலிட்டர் உருளையில் தானாக விழவிட்டு, அழுத்தாமல் வழித்தெடுத்து எடை பார்த்து, துகள்களுக்கிடையே எஞ்சிய வெற்றிடத்தைக் கணக்கிடும் எளிய சோதனை இது. கூரான துகள்கள் ஒன்றையொன்று முட்டி நிற்பதால் வெற்றிடம் அதிகமாகும்; உருண்டவை சறுக்கி நெருங்குவதால் குறையும். கனரகப் போக்குவரத்துக்கு 45 விழுக்காடாவது வேண்டும் என்பது பரவலான நியதி. எங்கள் வாய்பாட்டுக் கலவைக்கு 46 வந்தது. சாலையிலிருந்து எடுத்ததற்கு 41 வந்தது.

இதுவரை கண்ட எல்லாமே இப்போது ஒரே வரிசையில் நின்றன. உருண்ட மணல் நெருங்கி அடைவதால் கல்லுக்கிடையேயுள்ள இடம் சுருங்குகிறது, பிட்டுமன் அளவு மாறாவிட்டாலும் சுருங்கிய இடத்தை அது மிகையாக நிரப்புகிறது, காற்றிடம் விழுகிறது, எஞ்சிய கல்லமைப்புக்கும் உராய்வு போதவில்லை. சல்லடை துகளின் அளவைச் சொல்லும், வடிவத்தைச் சொல்லாது. நாங்கள் ஒரு வாரம் நின்ற இடம் அதுதான்.

ஒப்பந்ததாரரின் களக்குறிப்பேட்டை மறுபடி புரட்டியபோது, மேலடுக்கு போட்ட நாளொன்றில் ஒரு வரி இருந்தது. கலவை ரோலருக்கு முன்னால் அலைபோல் தள்ளுகிறது என்றும், தேவையான இறுக்கம் வழக்கத்தைவிடக் குறைந்த ஓட்டங்களிலேயே கிடைத்துவிட்டது என்றும் எழுதியிருந்தார்கள். ஆற்றுமணல் மிகுந்த கலவையின் பழைய அடையாளம் இது. அதை எழுதியவர் நல்ல செய்தியாகவே எழுதியிருந்தார்.

ஆலையில் நடந்தது

ஆலை மேலாளர் தொடக்கத்தில் தயங்கினாலும், யார்மீது பழி என்பதல்ல, எப்படி நடந்தது என்பதே கேள்வி என்று உறுதியளித்த பின் முழுமையாக ஒத்துழைத்தார். ஆற்றுமணல் ஊட்டும் பட்டையின் அளவீட்டை மழைக்காலத்தில், ஈரமணலை வைத்துச் சரிசெய்திருந்தார்கள். ஈரமணல் உப்பி நிற்கும். ஒரே கன அளவில் அதன் எடை உலர்மணலைவிடக் குறைவு. கலவை போட்டதோ கடும் வறண்ட காலத்தில். அதே கதவுத் திறப்பில் ஈரமணலையும் உலர்மணலையும் ஓடவிட்டு நிமிடத்துக்கு விழும் எடையைப் பார்த்தபோது, உலர்ந்தது ஏறத்தாழக் கால்பங்கு கூடுதலாக விழுந்தது.

ஆனால் கால்பங்கு கூடியதால் 10 விழுக்காடு இருமடங்காகிவிடாது. மீதியைச் சொன்னவர் ஆலையை இயக்குபவர். நொறுக்குமணல் தொட்டியின் வாயில் தூசு மிகுந்த மணல் வளைவுபோல் கட்டிக்கொண்டு அடிக்கடி நின்றுவிடும் என்றும், அப்போது சூடான நுண்கல் தொட்டி காலியாவதைப் பார்த்து, உற்பத்தி நிற்காமலிருக்க ஆற்றுமணலின் கதவைக் கூடுதலாகத் திறந்துவிடுவது வழக்கம் என்றும் அவர் சொன்னார். ஆற்றுமணலும் நொறுக்குமணலும் உலர்த்தியைத் தாண்டியதும் ஒரே சூடான தொட்டியில்தான் விழுகின்றன. அங்கிருந்து எடை போட்டுக் கலப்பதால் துகள்களின் அளவு விகிதம் சரியாக இருக்கும்; எந்த மணல் எவ்வளவு என்பது மட்டும் மறைந்துவிடும். இது எந்தப் பதிவேட்டிலும் இல்லை, இருக்கவும் வாய்ப்பில்லை. லாரிகள் வரிசையில் காத்திருக்கும்போது ஆலை நிற்கக்கூடாது என்பதே அவருக்கு இடப்பட்ட ஒரே கட்டளை.

நாள்தோறும் செய்த மார்ஷல் மாதிரிகளின் காற்றிடப் பதிவில் ஒரு தடயம் இருந்தது. மேலடுக்கு போட்ட நாட்களில் அது 4.1, 3.7, 3.2, 2.9 என இறங்கிக்கொண்டே போயிருந்தது. கோப்பில் மேலே எழுதப்பட்டதோ நான்கின் சராசரி. அது வரம்புக்குள் இருந்தது.

ஏன் சிக்னலுக்கு முன்னால் மட்டும்

கலவை சாலை முழுவதும் ஒன்றே என்றால், ஓட்டம் சீரான பகுதி ஏன் தப்பியது? பிட்டுமன் பாதி பாகு, பாதி மீள்பொருள். சுமை எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு வழியும். லாரிச் சக்கரம் தரையைத் தொடும் நீளத்தைக் கால் மீட்டர் எனக் கொண்டால், மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அது மேற்பரப்பின் ஒரு புள்ளியைக் கடக்க 0.015 வினாடியே ஆகும். 5 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் 0.18 வினாடி, அதாவது பன்னிரண்டு மடங்கு. சிக்னலில் நின்றுவிட்டால் கணக்கு நிமிடங்களில் போகிறது. இவற்றோடு பிரேக் பிடிக்கும் விசையும் சேர்கிறது.

இதைச் சோதிக்க, 100 மி.மீ. விட்டமும் 150 மி.மீ. உயரமும் கொண்ட உருளைகளை இரண்டு கலவைகளில் செய்தோம்: ஒன்று வாய்பாட்டின்படி, மற்றொன்று ஆற்றுமணலை இருமடங்காக்கி. வழக்கமான முறையில் 0.1 வினாடி சுமையும் 0.9 வினாடி ஓய்வும் தருவார்கள். அதோடு, ஓய்வை மாற்றாமல் சுமையை ஒரு முழு வினாடி நிறுத்தும் மாற்றத்தையும் செய்து பார்த்தோம். எந்தத் தரமுறையிலும் இல்லாத, எங்கள் ஆய்வகத்தின் சொந்த ஏற்பாடு என்பதால், இதன் எண்களை ஒப்பீட்டுக்கு மட்டுமே கொள்ள வேண்டும். ஒவ்வொரு வகைக்கும் மூன்று உருளைகளே சோதித்தோம். வாய்பாட்டுக் கலவை குறுகிய சுமையில் வழியத் தொடங்கும்வரை தாங்கிய சுற்றுகளை நூறு எனக் கொண்டால், அதே கலவை நீண்ட சுமையில் 38 தாங்கியது. மணல் மிகுந்த கலவை குறுகிய சுமையில் 31 தாங்கியது. மணல் மிகுந்த கலவையும் நீண்ட சுமையும் சேர்ந்தபோது 5-ஐக்கூட எட்டவில்லை. இரண்டு குறைகளும் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே வேலை செய்திருந்தால் 12 அளவில் வந்திருக்கும். ஒன்று மற்றொன்றின் கேட்டைப் பெருக்கியிருக்கிறது.

இதே இரண்டு கலவைகளிலும் மார்ஷல் நிலைப்பைப் பார்த்தபோது இரண்டுமே தேவையைத் தாராளமாகத் தாண்டின. அந்தச் சோதனையைக் குறைசொல்வது என் நோக்கமல்ல. அமெரிக்க இராணுவப் பொறியாளர்கள் 1940-களில் விமானத் தளங்களுக்காக வளர்த்தெடுத்த அது, எளிய கருவியால் பிட்டுமன் அளவைத் தீர்மானிக்க இன்றும் உதவுகிறது. ஆனால் 60 டிகிரியில் மாதிரியைப் பக்கவாட்டில் பிடித்து, நிமிடத்துக்கு 50.8 மி.மீ. வேகத்தில் ஒருமுறை நசுக்கும் சோதனையிடம், நின்ற லாரியின் கீழ் மெல்ல வழியும் கலவையைப் பற்றிக் கேட்டால் அது என்ன சொல்லும்?

ஆகவே அறிக்கையில் இரண்டு காரணங்களைச் சமமாக எழுதினோம். ஆலையில் ஆற்றுமணல் மிகுந்தது ஒன்று. சாலை முழுவதற்கும் வாகன எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரே பிட்டுமன் தரத்தைக் குறித்தது மற்றொன்று. மணிக்கு 20 கி.மீ.க்கும் குறைவான, நின்று நகரும் போக்குவரத்துக்கு மீளா இசைவு 1.0 அல்லது அதற்கும் கீழே வேண்டும் என்பது அந்தத் தரப்பிரிவிலேயே இருக்கிறது. சிக்னல் அருகே அது பொருந்தியிருக்க வேண்டும். முதற்காரணம் ஒப்பந்ததாரரைச் சேர்வது, இரண்டாவது சாலை அலுவலகத்தையே சேர்வது என்பதால் இரு தரப்பும் அறிக்கையை விரும்பவில்லை.

எடுத்த முடிவுகள்

பள்ளத்தை மட்டும் நிரப்பி மெல்லிய பூச்சு போடலாம் என்ற யோசனை முதலில் வந்தது. கீழே வழியும் கலவை அப்படியே இருக்க மேலே நிரப்புவதில் பயனில்லை என்று மறுத்தோம். எவ்வளவு ஆழம் எடுப்பது என்பதில் கருத்து வேறுபட்டது. இடையடுக்கின் கோர் துண்டுகள் ஹாம்பர்க் சோதனையில் தேறியதால் மேலடுக்கை மட்டும் எடுத்தால் போதும் என்பது எங்கள் கருத்து. அங்கே 3 மி.மீ. தாழ்வு இருக்கிறது, இந்தச் சந்திப்பை இரண்டு முறை மூட முடியாது என்று சாலை அலுவலகத்தின் மூத்த பொறியாளர் வாதிட்டார். அவர் சொன்னபடி இரண்டு அடுக்குகளும் எடுக்கப்பட்டன. அது தேவையாக இருந்ததா என்பதை இனி யாரும் அறிய முடியாது.

நீளத்தைத் தீர்மானிக்க மூன்று நாட்கள் மாலை நேரத்தில் லாரி வரிசையை அளந்தோம். மிக நீண்டது 220 மீட்டர் வந்ததால் 250 மீட்டர் மாற்றுவதென முடிவாயிற்று. புதிய கலவையில் ஆற்றுமணல் அறவே நீக்கப்பட்டது. பாலிமர் கலந்த, மீளா இசைவு 0.5-க்குக் குறைவான பிட்டுமன் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆய்வகத்தில் கலந்தது மட்டுமன்றி, ஆலையிலிருந்து வெளிவந்த முதல் லாரியின் கலவையும் ஹாம்பர்க் சோதனையில் தேறிய பின்பே தொடர்வது என்று ஒப்பந்ததாரரும் ஏற்றுக்கொண்டார்.

அதே குறைபட்ட கலவை கிடந்த மீதிச் சாலையை அப்படியே விட்டோம். அங்கே பள்ளம் 6 மி.மீ. மட்டுமே, வாகனம் வேகமாக ஓடும்வரை அது தாங்கும் என்று மதிப்பிட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளக்கச் சொன்னோம்.

பின் விளைவு

இரண்டு கோடைகள் கழிந்த பின், மாற்றிய 250 மீட்டரில் பள்ளம் 3 மி.மீ. அளவில் நின்றிருந்தது. ஓரத்தில் மேடு இல்லை. இறுக்கத்தால் வந்ததாகவே கொள்ளலாம். மாற்றாத பகுதியில் 6 மி.மீ. 9 ஆகியிருந்தது.

ஆனால் அதே மாற்றாத பகுதியில், சிக்னலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு அப்பால், இடையில் திரும்பு வழி ஒன்று புதிதாகத் திறக்கப்பட்டிருந்தது. போக்குவரத்தைச் சீராக்க எடுத்த முடிவு அது; சாலைப் பராமரிப்புப் பிரிவுக்கோ எங்களுக்கோ தெரிவிக்கப்படவில்லை. அங்கே திரும்பக் காத்திருக்கும் லாரிகளின் கீழ், ஒரே கோடையில் 14 மி.மீ. பள்ளம் விழுந்து ஓரம் பிதுங்கியது.

அடுத்த முறை மாற்றுவன

மீட்டெடுத்த பிட்டுமனைப் பற்றி எந்த எண்ணையும் வெளியே சொல்வதற்கு முன், தரம் தெரிந்த பிட்டுமனை அதே வழியில் மீட்டுப் பார்க்கும் ஒப்புச்சோதனை இப்போது ஒவ்வொரு தொகுதியோடும் ஓடுகிறது. தொலைபேசியில் இடைக்கால முடிவு சொல்வதையும் நிறுத்திவிட்டோம்.

பிரித்தெடுத்த நுண்கல்லில் கூர்மைச் சோதனை எங்கள் வழக்கத்தில் இல்லாதிருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் முடியும், விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாத அதைச் சல்லடைக்கு அடுத்த படியாகச் சேர்த்திருக்கிறோம். ஆலைகளுக்குத் தந்த ஆலோசனைகளில், மணல் ஊட்டும் பட்டையைப் பருவம் மாறும்போது மறுபடி அளவிடுவது உடனே ஏற்கப்பட்டது. கதவுத் திறப்பை மாற்றும்போதெல்லாம் நேரத்தோடு குறித்துவைப்பது ஏட்டளவில் ஏற்கப்பட்டிருக்கிறது. நடைமுறையில் எவ்வளவு நடக்கிறது என்பதில் எனக்கு ஐயமுண்டு. நொறுக்குமணல் தொட்டிக்கு அதிர்வுக்கருவி பொருத்தியது அதைவிட உருப்படியான மாற்றம். அடைப்பே இல்லையென்றால் கதவைத் திறக்கும் தேவையும் இல்லை.

காற்றிடப் பதிவில் சராசரிக்குப் பக்கத்தில் ஒவ்வொரு நாளின் மதிப்பையும் வரிசையாகப் புள்ளியிட்டு வரைந்து வைக்கும்படி சாலை அலுவலகத்தைக் கேட்டோம். மூன்று புள்ளிகள் தொடர்ந்து ஒரே பக்கம் இறங்கினால், வரம்பைத் தாண்டாவிட்டாலும் ஆலையை நிறுத்திப் பார்ப்பது என்று அவர்களே விதி வகுத்துக்கொண்டார்கள்.

மீதிச் சாலையை விட்டுவைக்கும் பரிந்துரையை இன்று எழுதினால் ஒரு வாக்கியம் கூடுதலாகச் சேர்ப்பேன். இந்தக் கலவை தாங்குவது வாகனங்கள் வேகமாக ஓடும்வரை மட்டுமே. ஆதலால் இப்பகுதியில் புதிய சிக்னல், திரும்பு வழி, பேருந்து நிறுத்தம், சுங்கச் சாவடி என வேகத்தைக் குறைக்கும் எதை அமைப்பதாக இருந்தாலும், முதலில் அந்த இடத்தின் மேலடுக்கை மாற்ற வேண்டும். திரும்பு வழியின் அருகே 120 மீட்டர் மேலடுக்கை மாற்றும் பணிக்கு இப்போது கோர் துண்டுகள் எடுக்கப்பட்டிருக்கின்றன.